பூங்காவனத்தின் சுவரும் ராசு பாஸின் வாசலும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு டின் வார்னிஷ். தீபாவளிக்கு முந்திய வாரம் கொழும்பில் லீவு போட்டுவிட்டுப் பதுளைக்கு வந்திருந்தேன். அண்ணன் பஜாரில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறான். பண்டிகை நெருங்கினால் ஊரே சுவரில் பூச ஏதாவது வாங்க வரும். நானும் கல்லாப் பக்கம் உட்கார்ந்து உதவி செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் வந்து, சுண்ணாம்புச் சுவரில் வரைந்த படம் அழியாமல் இருக்க, மேலே பூசுவதற்கு நிறமில்லாத வார்னிஷ் இருக்கிறதா என்று கேட்டாள். இப்போது இல்லை, நாளைக்கு எடுத்து வைக்கிறேன் என்றான் அண்ணன். அவள் போனதும் என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

“இது ராசு பாஸோட மக, செல்வி. முந்தாநாள் ராசு பாஸ் வந்து சுண்ணாம்பு வாங்கிட்டுப் போனாரு. அப்பனும் மகளும் ஒரே செவத்துக்குத்தான் வாங்குறாங்க.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“நான் என்னத்த சொல்ல? கேட்டத குடுத்தேன்.”

வியாபாரி மூளை. எனக்கோ அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. ராசு பாஸின் வீட்டைப் பற்றி எங்கள் ஊரில் கேள்விப்படாதவர்கள் குறைவு. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்தவர். இங்கே தச்சரையும் மேசனையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மனைவி பூங்காவனம் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இரண்டு பேருமே படம் வரைவார்கள். பசறைக்கு அப்பால், மடுல்சீமை போகும் வழியில், தங்கள் கையாலேயே ஒரு வீட்டைக் கட்டி அதற்குள் வரைந்துகொண்டே வாழ்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அதற்குப் ‘படவீடு’ என்று பெயர். பூங்காவனம் போன தீபாவளிக்குச் சில மாதங்கள் முன்பு காலமானார். அதிலிருந்து செல்விதான் வீட்டைப் பராமரித்து, சனி ஞாயிறுகளில் பார்க்க வருபவர்களுக்குத் திறந்துவிடுகிறாள்.

உள்ளூர் அதிசயத்தை உள்ளூர்க்காரர் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. வார்னிஷை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், சுண்ணாம்பு வாளிக்கு முன்னால் வார்னிஷ் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

பதுளை பஸ் நிலையத்தில் ஏழு மணிக்கு மடுல்சீமை பஸ் கிடைத்தது. பசறை வரை சுமார் இருபது கிலோமீட்டர், நல்ல வீதி. பசறையில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார், நாங்களும் வடை சாப்பிட்டோம். அதற்கு மேல் வீதி ஏறவும் வளையவும் தொடங்கிவிடும். வயிறு சரியில்லாதவர்கள் வடையைத் தவிர்க்கவும். அரை மணி நேரத்துக்கு மேல் ஏறியபின் ஒரு மாரியம்மன் கோயில் சந்தியில் இறங்கினேன். டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அங்கிருந்து தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஆட்டோவில் எண்ணூறு ரூபாய். தூரம் மூன்று கிலோமீட்டர்தான். பாதையைப் பார்த்தால் எண்ணூறு ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

ஆட்டோக்காரத் தம்பிக்கு என் கையிலிருந்த டின்னைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

“படவீட்டுக்கா மிஸ்? செல்வியக்கா சொன்னாங்க. பாஸ் நேத்தே சுண்ணாம்ப ஊற வச்சிட்டாரு.”

“நீங்க யாரு பக்கம்?”

“நான் ஆட்டோ பக்கம் மிஸ்,” என்றான். இறக்கிவிடும்போது மட்டும், “வாசல் பின்னுக்கு இருக்கு. முன்னுக்கு நின்னு கத்துனா யாருக்கும் கேக்காது,” என்று எச்சரித்தான்.

எச்சரித்தும் நான் முன்னால் போய்த்தான் நின்றேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களைத் தாண்டி, ஏற்றத்தின் மேல், தனியாக நிற்கிறது வீடு. பாதையைப் பார்த்த பக்கம் முழுக்கக் கருங்கல் சுவர், மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள், அவ்வளவுதான். கீழே பசறைப் பக்கப் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கிறது. அதைப் பார்க்க இந்த வீட்டுக்குக் கொஞ்சமும் ஆசை இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடும் பாசி பிடித்த கானைத் தாண்டி, மலையை வெட்டிய மண்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒடுங்கிப் போனால் வாசல் வருகிறது. கானில் என் கால் வழுக்கியது. வார்னிஷ் டின்னைக் காப்பாற்றிவிட்டேன், செருப்பைக் காப்பாற்ற முடியவில்லை.

“இந்தப் பக்கமா யாராவது வாசல் வைப்பாங்களா?” என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. “கச்சான் காத்துல ஒரு மாசம் இருந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க!”

அப்படித்தான் ராசு பாஸ் எனக்கு அறிமுகமானார். எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், காதில் பென்சில். ஆடி மாதத்தில் ஊவா மலைகளில் அடிக்கும் இந்தக் கச்சான் காற்றுக்கு முன்பக்கம் வாசல் வைத்தால் கதவு மட்டுமல்ல, கூரையும் போய்விடும் என்று நான் உட்காருவதற்கு முன்பே விளக்கி முடித்தார். செல்வி பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“அம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க அக்கா, நீங்க இப்ப சொன்னத. ‘வர்ற சனத்துக்கு முதுக காட்டுற வீடு’ன்னு. கட்டுன நாள்லருந்து இதே சண்டைதான்.”

“அவளுக்கு என்ன? காத்து வந்தா கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கப்போறது நானு,” என்றார் பாஸ்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்கள் அவசரத்தில் தவறவிடக்கூடாது. தோட்ட நிர்வாகம் ஒதுக்கிக் கொடுத்த துண்டு நிலத்தில், வேலை முடிந்த மாலைகளில், கல் கல்லாகச் சேர்த்துக் கட்டியது. மேல்தட்டு முழுவதும் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. அண்ணாந்து பார்த்தால் பெட்டிகளில் அடித்த எழுத்துகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் தெரியும். ஜன்னல் சட்டங்கள் தொழிற்சாலையில் கழித்துப் போட்டவை. தளம் சிவப்புக் காவி. துணி மாட்டவும் குடை மாட்டவும் சுவரில் பதித்திருப்பவை, பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடிகளின் வேர்கள். அவற்றைச் சீவி எடுத்தது பூங்காவனம். அவருடைய வேலை மேசை அடுப்படி மூலையில் அப்படியே இருக்கிறது. கரி, செங்கல் தூள், துணிக்குப் போடும் நீலம் ஆகியவை ஜாம் போத்தல்களில் நிற்கின்றன. பாஸின் மேசை அதற்கு எதிரே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பல்பு, கயிற்றில் இழுத்து யார் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் கொண்டுபோகலாம். கயிறு பூங்காவனத்தின் பக்கம் அதிகம் தேய்ந்திருந்தது.

இதெல்லாம் சரி. எல்லோரும் வருவது கூடத்துச் சுவரைப் பார்க்க. வாசலுக்கு நேர் எதிரே, தளத்திலிருந்து மேல்தட்டு வரை, ஒரே படம். முன்னால் செல்வி கட்டிய நைலோன் கயிறு.

பூங்காவனம் கடைசியாக வரைந்தது அது. எதிர்மலையில் நின்று பார்த்தால் இந்த மலை எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருக்கிறார். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் மழையில் நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித் தனி முகம். ஒருத்தி காலைத் தூக்கி, ரத்தம் குடிக்கும் அட்டையைப் பிடுங்குகிறாள். தொழிற்சாலை, லயங்கள், கோயில், ஆட்டுக்குட்டி, வேலியில் காயும் சட்டை எல்லாம் இருக்கின்றன. நான் வளர்ந்தது பஜாரில். இந்த மலைகளை பஸ் ஜன்னலில் பார்த்தே பழகியவள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த முகங்களில் ஒன்றையாவது நான் நின்று பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன்.

கிட்டப்போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். படத்துக்குள் சில துண்டுகள் மட்டும் வேறு கை, வேறு காலம். லயத்துக் கூரையில் நிற்கும் சேவல் மங்கிப்போயிருக்கிறது. ஒரு பெண்ணின் கைக்குடை மற்றதை விடப் பழசு. கேட்டபோது பாஸ்தான் சொன்னார்.

கல்யாணமான புதிதில் இருவரும் லயத்தில் இருந்தார்கள். பூங்காவனம் அவர்கள் அறையின், அதாவது காம்பராவின், சுவரில் ஒரு படம் வரைந்தார். தீபாவளிக்கு முன்பு தோட்டத்தில் வழக்கம்போல எல்லா லயங்களுக்கும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வந்த ஆட்கள், அதன் மேலும் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பூங்காவனம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் அவர் மறுபடி வரைந்தபோது, ஆட்கள் வருவதற்கு முன் பாஸே சுண்ணாம்புத் தூரிகையை எடுத்துக்கொண்டார். அழியத்தான் போகிறது, தெரியாதவன் கையால் அழிய வேண்டாம் என்று. முழுவதும் அடித்துவிட்டு ஒரு கிளியை மட்டும் விட்டுவைத்தார். அதற்கடுத்த வருஷம் பாஸ் வரைந்தார், பூங்காவனம் சுண்ணாம்பு அடித்து, தன் பங்குக்கு ஒன்றை விட்டுவைத்தார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வருஷம் ஒருவர் வரைவார். தீபாவளிக்கு மற்றவர் சுண்ணாம்பு அடித்து, தனக்குப் பிடித்த ஒன்றே ஒன்றை விடுவார். எதை விடுவது என்று வரைந்தவர் கேட்கக்கூடாது. அடுத்து வரைபவர், மிச்சம் இருக்கும் துண்டுகளை எல்லாம் தன் படத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொந்த வீடு கட்டி, சுண்ணாம்பு அடிக்கத் தோட்டத்து ஆட்கள் வராத நிலை வந்த பிறகும் இதை அவர்கள் விடவில்லை. அந்தப் பழைய லயத்துக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அவர்கள் இன்னும் கிளியைச் சுற்றித்தான் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம்.

“போன வருஷம் துக்கம், தீபாவளி கொண்டாடல்ல. சுண்ணாம்பும் அடிக்கல்ல,” என்றார் பாஸ். “இப்ப தெவசம் முடிஞ்சிருச்சு.”

“அதுக்காக?” செல்விக்குக் குரல் உடைந்தது. “அம்மா வரைஞ்சதுல முழுசா இருக்கிறது இது ஒண்ணுதாம்ப்பா. மத்ததெல்லாம் நீங்க அடிச்ச சுண்ணாம்புக்குக் கீழ கெடக்கு. இதையும் அடிச்சிட்டா எனக்கு என்ன இருக்கு?”

நானும் சும்மா இருக்கவில்லை. நமக்குத்தான் வாய் இருக்கிறதே. இது உங்கள் வீட்டுப் படம் மட்டுமல்ல பாஸ், எத்தனை பேர் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள், இப்படி ஒரு படம் இந்த மாகாணத்திலேயே இல்லை என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். வார்னிஷ் டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றீங்கம்மா. ஆனா வர்றவங்க பாத்துட்டுப் போயிடுறாங்க. இவ சாயங்காலம் பசறைக்குப் போயிடுறா, புருசன் புள்ளைங்க இருக்கு. நான் இந்தச் செவத்துக்கு முன்னாடிதான் சோறு திங்கிறேன்.” நைலோன் கயிற்றுக்கு அப்பால் சுவரைக் காட்டினார். “அவ வேலைய முடிச்சிட்டுப் போயிட்டா. என் வேலை பாக்கி கெடக்கு. தெனமும் அது என்னப் பாக்குது.”

பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “முழுசா வச்சா அது யாரோ ஒரு பொம்பள வரைஞ்ச படம் புள்ள. நான் ஒண்ண எடுத்து வச்சாத்தான் அது பூங்காவனம் எனக்கு வரைஞ்சது.”

செல்வி எழுந்து அடுப்படிக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் போனில் அந்தச் சுவரை இடது மூலையிலிருந்து வலது மூலை வரை படம் பிடித்தாள். பிடித்து முடித்துவிட்டு, தான் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்த்தாள். “தண்ணி எவ்வளவு ஊத்தணும்?” என்று மட்டும் கேட்டாள்.

சுண்ணாம்பு அடிப்பதை நான் கவனித்துப் பார்த்தது கிடையாது, இத்தனைக்கும் வீட்டில் விற்கிறோம். அடித்த உடனே அது வெள்ளையாக இருப்பதில்லை. ஈரத்தில் கண்ணாடி போல இருக்கிறது. பாஸ் மேலிருந்து கீழே இழுத்து இழுத்து அடித்தார். பழைய துண்டுகளை மட்டும் தொடாமல் சுற்றிப் போனார், சேவலின் வால் நுனியைக்கூட. சுவர் முழுவதும் அடித்து முடித்த பிறகும் படம் அப்படியே தெரிந்தது, இன்னும் பளிச்சென்றுகூட. எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

“இப்ப டீ குடிக்கிற நேரம்,” என்றார் பாஸ். அதுவும் வழக்கம். அடித்துவிட்டு இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து டீ குடிப்பார்களாம். காயக் காய படம் மறையும். அது முழுவதும் மறைவதற்குள், வேண்டியதை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேல் மூலையில் வானம்தான் முதலில் வெளுத்தது. பிறகு எதிர்ப்பக்கத்து மலைச்சரிவு. பாஸ் மடியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். தொழிற்சாலை போனது.

“அந்தப் பொம்பளைங்கள எடுங்கப்பா,” என்றாள் செல்வி. “மழையில நிக்கிறவங்கள.”

அவர் அசையவில்லை. வேலியில் காய்ந்த சட்டை மங்கியது. அட்டை பிடுங்குகிறவள் மங்கினாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் துணியைப் பிடுங்கி நானே எதையாவது துடைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போவதைப் பார்ப்பது லேசான காரியமில்லை. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தது எப்போது என்று எனக்குத் தெரியாது.

ஏறக்குறைய எல்லாம் போன பிறகுதான் பாஸ் எழுந்தார். சுவரின் வலது பக்கம், இடுப்பு உயரத்தில் குனிந்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தார். நகர்ந்து நின்றபோது அங்கே உள்ளங்கை அளவில் ஒரு வீடு இருந்தது. இதே வீடு. கருங்கல் சுவர், இரண்டு சின்ன ஜன்னல். நடுவில், பாதையைப் பார்த்தபடி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, அகலத் திறந்த ஒரு வாசல்.

காலையிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கிறேன், இதை நான் கவனிக்கவே இல்லை. செல்விக்குத் தெரிந்திருந்தது. அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். “அப்பா! இதுக்குத்தானே அம்மாகூட ஒரு வாரம் பேசாம இருந்தீங்க?”

“தப்பான வாசல்,” என்றார் பாஸ். துணியை வாளியில் அலசினார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை. “இத அழிச்சா சண்ட முடிஞ்சிரும். அவ இல்லாத நேரத்துல நான் ஜெயிச்சு என்ன செய்ய?”

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. வார்னிஷ் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அண்ணன் அதைக் கடைத் தட்டில் பழைய இடத்திலேயே எடுத்து வைத்தான். இத்தனை நாளும் அழகான ஒன்றைக் கண்டால் அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அந்த முகங்கள் போனதற்கு எனக்கு இன்னும் வருத்தம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ராசு பாஸ் அன்று மாலை நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார் என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன, நான் என்ன செய்ய?

போக நினைப்பவர்களுக்கு: சனி ஞாயிறுகளில் மட்டும் போங்கள், காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் மேற்பிரிவுக்கு வர ஆட்டோக்கள் யோசிக்கும். வந்த ஆட்டோவையே திரும்பவும் வரச் சொல்லிவிடுங்கள். பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள், அட்டைக்கு உப்போ சோப்போ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. டீத்தூள், சீனி வாங்கிப்போனால் செல்வி சந்தோஷப்படுவாள். கொழும்பில் பலர் கேட்டுவரும் அந்தப் பெரிய படம் இப்போது இல்லை. அதன் போட்டோவை என்னிடம் கேட்காதீர்கள், அது செல்வியுடையது. வெள்ளைச் சுவரில் ஒரு சேவல், ஒரு குடை, இன்னும் சில துண்டுகள், ஒரு குட்டி வீடு. பார்க்க வேண்டியது அதுதான்.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது பாஸ் என்னைக் கானைத் தாண்டும் வரை கொண்டுவந்து விட்டார். “உங்க சிநேகிதங்க வந்தா நீங்க சொன்ன மாதிரியே சொல்லச் சொல்லுங்க,” என்றார். எதைச் சொல்வது என்று எனக்கு அப்போது புரியவில்லை, பஸ்ஸில் வரும்போதுதான் காலையில் வாசலைப் பற்றி நான் கத்தியது நினைவுக்கு வந்தது.

ஆகவே, போகிறவர்கள் தயவுசெய்து மரியாதை பார்க்காதீர்கள். வீட்டைச் சுற்றி நடந்து, கானில் வழுக்கி, உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, வாசல் தப்பான பக்கம் இருக்கிறது என்று ராசு பாஸிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். அவர் விடமாட்டார், சண்டைக்கு வருவார்.